மூன்றாம் தடவை ராணியை வைத்தபோது

செஸ் போட்டி நடக்கும் ஹாலில் பேசக் கூடாது. ஏதாவது சிக்கல் என்றால் கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்க வேண்டும், நடுவர் வருவார். பன்னிரண்டு வருடமாகப் போட்டிகளில் ஆடியிருக்கிறேன். ஒரு தடவைகூட நான் கையைத் தூக்கியதில்லை. செம்பூரில் ஒரு போட்டியில் எதிரே இருந்த இளைஞரின் பைக்குள் செல்போன் அடித்தது. ஹாலுக்குள் யாருடைய போன் அடிக்கிறதோ அவர் தோற்றதாகக் கணக்கு. அவர் பதறிப்போய் அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் பலகையைப் பார்த்தேன். பிறகு அரைமணி நேரத்தில் அவரே என்னைத் தோற்கடித்துவிட்டு, கைகொடுக்கும்போது "தேங்க் யூ அங்கிள்" என்றார். எதற்கு நன்றி சொன்னார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

இதைப் பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வெறும் கூச்சம். கையைத் தூக்கினால் ஹாலில் இருக்கும் அத்தனை தலைகளும் நிமிரும். நடுவர் ஆங்கிலத்தில் கேட்பார். நான் ஐந்தாவது வரை படித்தவன். என் இந்தி தாராவிக் கடைத்தெருவில் செல்லுபடியாகும். அந்த ஹாலுக்குள் அது சட்டை போடாமல் நிற்பதுபோல எனக்குத் தோன்றும்.

தாராவியில் தோல் பை செய்யும் பட்டறையில் கட்டிங் வேலை பார்க்கிறேன். தோலை விரித்து, எங்கே வெட்டினால் சேதாரம் குறையும் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அறுபத்துநாலு கட்டம் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. செஸ் எனக்கு வந்தது பட்டறையில்தான். மின்சாரம் போகும் மத்தியானங்களில் இரண்டு பேர் ஆடுவார்கள், நான் நின்று பார்ப்பேன். அவர்களில் ஒருவன்தான் பிறகு என் சேக்காளி ஆனான். என் வயதுதான் அவனுக்கும். பைகளுக்கு ஜிப், பக்கிள் சப்ளை செய்துகொண்டிருந்தான். பேச்சில் கெட்டிக்காரன். அவனும் நானும் ஒருவரையொருவர் மச்சான் என்றே கூப்பிட்டோம். சொந்தம் ஒன்றும் கிடையாது. என் மகள் அவனை மாமா என்பாள்.

போட்டிக்கு என்னை முதலில் இழுத்துக்கொண்டு போனதும் அவன்தான். ஃபாரம் நிரப்பியது அவன். ஆடும் ஆட்டத்தைத் தாளில் எழுத வேண்டும் என்றபோது, கட்டங்களுக்கான எட்டு ஆங்கில எழுத்தை ஒரு ரயில் பயணத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவனும் அவன்தான். காய்களுக்குத் தமிழ் எழுத்தே போட்டுக்கொண்டேன். யானைக்கு யா, குதிரைக்குக் கு, மந்திரிக்கு ம. ராஜாவுக்கும் ராணிக்கும் ஒரே எழுத்து வந்ததால் ராஜாவை அரசன் ஆக்கிவிட்டேன். சொந்த மொழியில் எழுதலாம் என்று சட்டம் இருக்கிறதாம். அதையும் நடுவரிடம் கேட்டுவந்து சொன்னது அவன்தான்.

நாங்கள் ஆறு பேர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பட்டறை மாடியில் கூடுவோம். தையல்காரர் ஒருவர், வீடுவீடாக இட்லி கொண்டுபோய் விற்கும் அண்ணன் ஒருவர், லிஃப்ட் ரிப்பேர் செய்பவர் ஒருவர், சுனாபட்டியில் ஸ்டேஷனரிக் கடை வைத்திருப்பவர் ஒருவர், அவன், நான். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அது எப்படி வந்தது என்றால், ஒருமுறை டோம்பிவிலியில் நடந்த போட்டியில் தையல்காரரும் ஸ்டேஷனரிக்காரரும் எதிரெதிரே மாட்டிக்கொண்டார்கள். நாலு மணி நேரம் ஆடினார்கள். திரும்பும்போது ஒரே பெட்டியில் ஒருவர் இந்தக் கதவிலும் மற்றவர் அந்தக் கதவிலுமாக, முகத்தை வெளியே நீட்டிக்கொண்டு தாதர் வரை வந்தார்கள். எட்டு மாதம் பேச்சில்லை. தையல்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் வரவில்லை. அதன் பிறகு இட்லி அண்ணன் ஒரு முடிவு சொன்னார்:

"நம்மாளும் நம்மாளும் மோதினா சலாம் போட்டுட்டு எந்திரிச்சிருங்கடே. வெளியாளக் கொல்லுங்க. வீட்டுக்குள்ள கத்தி வேண்டாம்."

அன்றிலிருந்து எங்களில் இருவர் எதிரெதிரே வந்தால் டிராதான். ஆளுக்கு அரைப் புள்ளி. அதற்குச் சலாம் ஆட்டம் என்று பெயர். ஆனால் இப்போதெல்லாம் பல போட்டிகளில் முப்பது நகர்த்தலுக்கு முன் பேசி டிரா செய்துகொள்ளக் கூடாது என்று போட்டுவிடுகிறார்கள். அதற்கும் ஒரு வழி இருந்தது. பலகையில் ஒரே நிலை மூன்றாவது தடவை வந்துவிட்டால் டிரா ஆகலாம். அவன் ஒரு ஆட்டத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தான். வெள்ளைக் காய் ஆடுபவன் மந்திரியால் எதிராளியின் ராணியைத் துரத்துவான். ராணி பக்கத்துக் கட்டத்துக்குப் போகும். மந்திரி பின்னாலேயே வரும். ராணி பழைய இடத்துக்குத் திரும்பும். இப்படி ராணி அதே இடத்தில் மூன்றாம் தடவை வந்து நின்றதும் இருவரும் கையை நீட்டிவிடுவோம். நடுவர் வந்து கேட்டால் எழுதிய தாளைக் காட்டுவோம். பேசுவது எப்போதும் எதிரே இருப்பவரின் வேலை, நான் தலையாட்டுவேன்.

இதுவும் ஏமாற்றுதான். முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு ஆடுவது எந்த நடுவருக்குத் தெரிந்தாலும் இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிடுவார். அது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. யாருக்கும் நஷ்டமில்லை என்று சொல்லிக்கொண்டோம். எங்களுக்கு மேலேயோ கீழேயோ புள்ளிக் கணக்கில் இருந்தவர்களுக்கு நஷ்டம் இருந்திருக்கும். அதை நான் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். தான் அடிபட்ட பிறகு வரும் நியாயபுத்தி அது.

போன வருடம் மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்தின் மாடி ஹாலில் ரேட்டிங் போட்டி நடந்தது. இரண்டு வாரக் கடைசியில் ஆறு சுற்று. ரேட்டிங் என்பது ஓர் எண். உலகத்தில் செஸ் ஆடுகிறவர்களின் பட்டியலில் பெயரும் பக்கத்தில் அந்த எண்ணும் இருக்கும். அவனுக்கு அது ஏற்கெனவே உண்டு. எனக்கு இல்லை. ரேட்டிங் உள்ளவர்களோடு சில ஆட்டங்கள் ஆடி, ஓரளவு புள்ளியும் எடுத்திருந்தால்தான் தருவார்கள். பட்டறையில் லீவு கிடைக்காததால் நான் பெரும்பாலும் ஒருநாள் போட்டிகளாகவே ஆடிக்கொண்டிருந்தேன். அவற்றுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

என் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது, ஓட்டர் லிஸ்டில் இருக்கிறது. மூச்சு விட்டுக்கொண்டு ஓரிடத்தில் குடியிருந்தால் அந்தப் பட்டியல்களில் பெயர் வந்துவிடும். ஒன்றைச் செய்ததற்காக என் பெயர் எங்கேயும் வந்ததில்லை. ஐந்தாவது முடித்ததற்குக்கூடக் கையில் காகிதம் இல்லை. மகளிடம் ஒருநாள் இந்தப் பட்டியலைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவள் கல்லூரியில் படிக்கிறாள். போனில் தேடிக் காட்டினாள். அவனுடைய பெயர் வந்தது, எண் வந்தது.

"வாப்பா, மாமா பேரு வருது! ஒங்க பேரும் இப்பிடி வருமா?"

"வந்தா வரும்."

"எப்போ?"

"மாட்டுங்கா முடிஞ்சா தெரியும்."

ஐந்து சுற்று முடிந்தபோது அது ஏறக்குறைய வந்துவிட்டது. நடுவராக இருந்த அம்மா மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், வங்கியில் வேலை. முதல்நாள் என் தாளைப் பார்த்துவிட்டு, "அட, தமிழ்ல எழுதறேளா? நன்னாருக்கே!" என்று சிரித்தவர். ஐந்தாம் சுற்று முடிந்ததும் அவரே என்னைக் கூப்பிட்டு, லேப்டாப்பில் கணக்குப் பார்த்துச் சொன்னார்: "கடைசி ரவுண்டுல அரைப் பாயின்ட் எடுத்தேள்னா போறும். உங்க பேர் லிஸ்ட்ல வந்துடும். தோத்தா மட்டும் வராது."

மத்தியானம் ஆறாம் சுற்றுக்கான ஜோடிப் பட்டியலை ஒட்டினார்கள். அவனுக்கு வெள்ளை, எனக்குக் கறுப்பு. நாங்கள் இருவரும்தான்.

அப்போது எனக்கு எவ்வளவு சந்தோஷம் வந்தது என்பதை எழுதுவதற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. அரைப் புள்ளி வேண்டும். எதிரே வந்ததோ அவன். ஆட்டம் முடிந்து ரேட்டிங் வந்துவிட்டதுபோலவே இருந்தது. ஹாலுக்கு வெளியே சாயாக் கடையில் அவன் எனக்கும் சேர்த்து வாங்கினான்.

"என்ன மச்சான், மொகத்துல பல்பு எரியுது?"

"அரை போதுமாம். அந்தம்மா சொல்லிச்சு."

"பின்ன என்ன? சலாம்தான். ஒனக்கு அரை, எனக்கு அரை. சாயங்காலம் மகளுக்கு மிட்டாயி வாங்கிட்டுப் போ."

"அதே ஆட்டந்தான? மந்திரி, ராணி?"

"அதேதான்டே. டென்ஷன் ஆவாத. நீ மறந்தாலும் ஒன் கை மறக்காது." கிளாஸை வைத்துவிட்டு, "நீ போய் ஒக்காரு. நான் பாத்ரூம் போயிட்டு வாரேன்" என்றான்.

நான் போய் உட்கார்ந்தேன். தாளில் என் பெயரையும் அவன் பெயரையும் எழுதினேன். அவன் வந்து உட்கார்ந்ததும் வழக்கம்போலக் கைகொடுத்தோம்.

முதல் பதினைந்து நகர்த்தல் வரை எதுவும் யோசிக்கவில்லை. கை தானாக ஆடியது. பட்டறை மாடியில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பழகிய ஆட்டம். பிறகு அவன் மந்திரி என் ராணியைத் துரத்தியது. ராணி நகர்ந்தது. மந்திரி வந்தது. ராணி திரும்பியது. பக்கத்துப் பலகையில் ஒரு பெண் தன் எதிராளியோடு பயங்கரமாக மோதிக்கொண்டிருந்தாள்; நான் அதை வேடிக்கை பார்த்தேன். அவன் மந்திரியை மறுபடி நகர்த்தினான். நான் மறுபடி ராணியை நகர்த்தினேன். அவன் ஒருமுறைகூட நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. அதையும் நான் நடிப்பு என்றே எடுத்துக்கொண்டேன். நடுவர் பார்க்கும்போது சிரித்துக்கொண்டா ஆடுவது?

மூன்றாம் தடவை ராணியை அதே இடத்தில் வைத்தேன். கடிகாரத்தை அமுக்கினேன். தாளில் எழுதினேன். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டேன். கையைப் பாதி நீட்டினேன்.

அவன் என் கையைப் பார்க்கவில்லை. ராணிக்குப் பக்கத்தில் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினான். கடிகாரத்தை அமுக்கினான். எழுதினான்.

நீட்டிய கையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதைக் கொண்டுபோய்க் கழுத்தைச் சொறிந்துகொண்டேன். தவறுதலாக ஆடிவிட்டானோ என்றுதான் முதலில் நினைத்தேன். எண்ணிக்கை மறந்திருப்பான், இரண்டு என்று நினைத்திருப்பான். அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் இரண்டு உள்ளங்கையாலும் கன்னங்களைத் தாங்கிக்கொண்டு பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். தவறிப்போனவன் அப்படி உட்கார மாட்டான்.

என் ராணியால் அந்தச் சிப்பாயை வெட்டலாம். வெட்டாமல் பின்வாங்கவும் செய்யலாம். பின்வாங்கியிருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. பிறகு எத்தனையோ தடவை அந்த நிலையைப் போட்டுப் பார்த்துவிட்டேன். மகளின் போனில் இருக்கும் செஸ் கம்ப்யூட்டரும் சமம் என்றே சொல்கிறது. ஆனால் அந்த நேரத்தில் என் மனம் ஹாலைவிட்டு இறங்கி, மிட்டாய்க் கடை வரை போயிருந்தது. அங்கிருந்து திரும்பிவர அதற்கு முடியவில்லை. கண்ணுக்கு முன்னால் காய்கள் இருந்தன. எது எதைக் காக்கிறது என்பது தெரியவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்தபோது மூடி கீழே விழுந்து உருண்டது. குனிந்து எடுக்கக் கூச்சமாக இருந்தது. சிப்பாயை வெட்டினேன்.

அவன் யானை உடனே வந்தது. அடுத்து மந்திரி. என் ராணிக்குப் போக ஒரு கட்டம்கூட இல்லை. அதற்கு மேல் பத்து நகர்த்தல் ஆடினேன். எழுந்து போகும் துணிச்சல் வராததால் ஆடினேன். கடைசியில் என் அரசனைச் சாய்த்துவிட்டுக் கைகொடுத்தேன். அவன் கை ஈரமாக இருந்தது. இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டேன். அவன் எழுந்து வேகமாகப் போய்விட்டான்.

தாளைக் கொடுக்க நடுவரிடம் போனேன். அவர் வாங்கிப் பார்த்தார். தமிழ் படிக்கத் தெரிந்தவர் என்பதால் அவர் விரல் என் எழுத்துகளின் மேல் நின்று நின்று போனது. ராணி, மந்திரி, ராணி, மந்திரி.

"இங்க மூணு தடவை ரிபீட் ஆயிருக்கே. நீங்க ஏன் கிளெய்ம் பண்ணலை?"

நான் தாளில் இருந்த என் எழுத்துகளைப் பார்த்தேன்.

"டிரா தானா வராது சார். கேக்கணும். மூணாவது தடவை ராணியை வைக்கறதுக்கு முன்னாடி, காயைத் தொடாம, தாள்ல மட்டும் எழுதிட்டு, கடிகாரத்தை நிறுத்தி என்னைக் கூப்பிட்டிருக்கணும். நான் வந்து பார்த்து அரைப் பாயின்ட் குடுத்திருப்பேன். நீங்க காயை வெச்சு அமுக்கிட்டேள்னா கேக்கற உரிமை அவருக்குப் போயிடறது. அவர் கேக்காம வேற ஆடலாம்." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. பிறகு, எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, அவர் ஒன்று சொன்னார்: "உங்க ஃபிரெண்டுக்கு இந்த ரூல் தெரியுமே. ஜோடி ஒட்டினதுக்கு அப்புறம் வந்து இதையேதான் என்கிட்ட கேட்டுண்டு போனார். காயை வெச்சுட்டா, வெச்சவன் கிளெய்ம் பண்ண முடியுமா, முடியாதான்னு. நீங்களும் அவர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கோங்கோ, அடுத்த தடவை உதவும்."

பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்றது அதற்குத்தான்.

அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. என்னவென்று சொல்வது? நாங்கள் இரண்டு பேரும் உங்களை ஏமாற்றுவதாகப் பேசி வைத்திருந்தோம், அதில் அவன் என்னை ஏமாற்றிவிட்டான் என்றா? சொன்னால் அவன் வெற்றி போகும். என் பெயரும் இனி எந்தப் பட்டியலிலும் ஏறாது. "சரிம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

படிக்கட்டின் அடியில் அவன் நின்றுகொண்டிருந்தான். போய்விட்டிருப்பான் என்று நினைத்தேன். என் பையைத் தூக்கிக்கொள்ளக் கையை நீட்டினான். நான் கொடுக்கவில்லை.

"மச்சான், செம்பூர்ல அந்த கோச்சிங் கிளாஸ் இருக்குல்லா, அங்க கேக்குத ரேட்டிங்குக்கு இந்த ஒரு ஜெயிப்புதான் கொறஞ்சுது. புள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்குற வேல. ஜிப்பு யாவாரமெல்லாம் இப்ப படுத்துட்டு, ஒனக்கே தெரியும். டிரா பண்ணினா கெடைக்காதுடே."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். ரோட்டில் பஸ் ஒன்று ஹாரனை அமுக்கிக்கொண்டே போனது.

"ஒனக்கு அடுத்த போட்டியில வந்துரும். ஒன் ஆட்டத்துக்கு வராம எங்க போவும்?"

"சாயா குடிக்கும்போதே சொல்லியிருக்கலாம்லா." என் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான். முப்பது வருடப் பழக்கத்தில் அவனை நான் தட்டிக்கேட்டது அது ஒன்றாகத்தான் இருக்கும்.

அவன் யோசித்தான். பொய் சொல்லத் தெரிந்தவன், சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"சொன்னா நீ ஒழுங்கா ஆடியிருப்ப. நீ ஒழுங்கா ஆடினா ஒன்ன என்னால ஜெயிக்க முடியாது மச்சான்."

எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஆடியிருக்கிறோம். அவன் தோற்றால் தூக்கம் சரியில்லை என்பான், தலைவலி என்பான், நேரமாகிவிட்டது என்பான். என் ஆட்டத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. சொன்னது அந்தப் படிக்கட்டில்தான். அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் புரிந்தது. அந்தச் சிப்பாயை அவன் முதல் தடவையே தள்ளியிருக்கலாம். அப்போது நான் விழித்திருந்தேன், பின்வாங்கியிருப்பேன். மூன்றாவது தடவை வரை அவன் காத்திருந்தது, என் மனம் எழுந்து போகட்டும் என்று. ஒருமுறை எழுந்துவிட்டால் எனக்குத் திரும்ப உட்கார வராது என்பது அவனுக்குத் தெரியும். என் மனைவிக்குக்கூட அது தெரியாது.

ஸ்டேஷன் பக்கம் போகாமல் நடந்தே தாராவிக்கு வந்தேன். கதவு திறந்திருந்தது. மகள் போனைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்தாள்.

"வாப்பா, க்யா ஹுவா? பேரு வந்துட்டா?"

"இல்ல. தோத்துட்டேன்."

"யார்கிட்ட?"

"ஒங்க மாமாகிட்ட."

அவள் முகம் தெளிந்தது. "மாமாகிட்டயா? அப்ப பரவால்ல வாப்பா. வீட்டுக்குள்ளதான?" என்றாள்.

மனைவி அன்றைக்கு மீன் ஆணம் வைத்திருந்தாள். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டாள். வெளியே சாப்பிட்டேன் என்றேன்.

அடுத்த ஞாயிறு நான் பட்டறை மாடிக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறு போனேன். அவன் அதற்குள் கதையைச் சொல்லி முடித்திருந்தான். சலாம் ஆட்டத்தில் இவன் எண்ணிக்கை தவறிவிட்டான், நான் என்ன செய்ய, நடுவர் பார்த்துக்கொண்டு நின்றாள், ஆடவேண்டியதாகப் போயிற்று, இவன் சும்மா கிடந்த ராணியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான் என்று சொல்லியிருக்கிறான். தையல்காரர் என்னைப் பார்த்ததும் கண்ணைச் சிமிட்டினார்.

"என்னடே, மூணு வரைக்கும் எண்ணத் தெரியாதா ஒனக்கு? அஞ்சாங்கிளாஸ் பாஸ்னு சொன்ன!"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக. என் சட்டைப் பையில் அந்த ஆட்டத் தாளின் நகல் இருந்தது. அதை விரித்துக் காட்டினால் போதும். மூன்று தடவையும் அதில் என் கையெழுத்தில் இருக்கிறது. இட்லி அண்ணன் பார்த்தால் அவனை அன்றைக்கே மாடியிலிருந்து இறக்கிவிடுவார். தாளை வெளியே எடுக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது ஒரு காரணம். இன்னொன்று, எடுத்திருந்தால் அவன் என்ன சொல்வானோ என்று தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லாமல் இருந்தது. நான் பொய்யன் ஆகிவிட்டால்கூடத் தாங்கலாம். அவன் எல்லார் முன்னாலும் கெஞ்சினால் என்ன செய்வது?

அவனுக்குச் செம்பூரில் அந்த வேலை கிடைத்தது. ஞாயிறுதோறும் அங்கே வகுப்பு என்பதால் மாடிக்கு வருவது தானாக நின்றுவிட்டது. வழியில் பார்த்தால் "மச்சான்" என்பான். நானும் "ம்" என்பேன். யாருக்கும் ஒன்றும் தெரியாது.

எனக்கு ரேட்டிங் வந்தது இந்த வருடம், சான்பாடாவில் நடந்த போட்டியில். பெயரும் எண்ணும் பட்டியலில் ஏறியதும் மகள் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினாள். அவனிடமிருந்தும் கைதட்டும் பொம்மை ஒன்று வந்ததாகச் சொன்னாள். அந்த எண் யாரைத் தோற்கடித்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நான்காம் சுற்றில் எனக்கு எதிரே வந்தவர் இட்லி அண்ணன். அவருக்குக் காலில் சர்க்கரைப் புண். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலை நாற்காலிக் கம்பியின் மேல் தூக்கி வைத்து உட்கார்ந்தார். விடியற்காலையில் மாவு வேலையை முடித்துவிட்டு ரயிலேறி வந்திருந்தார். சுற்று ஆரம்பிக்கும் முன் என் பக்கம் சாய்ந்து, மெதுவாகக் கேட்டார்.

"சலாம்தானடே? கண்ணு சொக்குது. பதினஞ்சு நிமிசத்துல முடிச்சிட்டு ஒரு தூக்கம் போடணும்."

"இல்லண்ணே," என்றேன். "ஆடுவோம்."

அவர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவர் கடிகாரங்களைத் தொடங்கச் சொன்னார். அண்ணன் பலகைப் பக்கமே திரும்பவில்லை.

"ஏம்ல, ஒனக்கு நான் என்ன செஞ்சேன்?"

அவர் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. முன்பே சொல்லிவிட்டுத்தானே ஆடுகிறேன், அது போதாதா என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். போதும் என்று யாரும் சொல்லவில்லை. அவருக்கு வெள்ளை. அவருடைய கடிகாரத்தை ஓடவிட வேண்டியது என் வேலை. கையை நீட்டி அமுக்கினேன்.